சாக வேண்டிய குளம்

பயணம் போய்வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனம் நிறைந்து ஊர் திரும்புகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அது கூடாது.

என் வேலை மீனுக்கு ஊசி போடுவது. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். தூத்துக்குடியில் என் அம்மாவே கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். சென்னையில் நான் இருக்கும் நிறுவனம் வளர்ப்பு மீன்களுக்கு மரபணுத் தடுப்பூசி தயாரிக்கிறது. பழைய தடுப்பூசியில் செத்த கிருமியையோ, வலுவிழந்த கிருமியையோ ஏற்றுவார்கள். இதில் கிருமியே கிடையாது. கிருமியின் மேலுறையில் ஒரு துண்டை எப்படிச் செய்வது என்கிற மரபணுக் குறிப்பை மட்டும் மீனின் சதைக்குள் செலுத்துகிறோம். மீனின் உடம்பே அந்தத் துண்டைச் செய்து, பார்த்து, இவன்தான் எதிரி என்று தெரிந்து வைத்துக்கொள்ளும். பிறகு நிஜமான நோய் வரும்போது தயாராக இருக்கும்.

ஆய்வுக்கூடத் தொட்டியில் இது வேலை செய்தது. குளத்தில் செய்யுமா என்று பார்க்கத்தான் என்னை மலேசியாவுக்கு, நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றுப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சோதனைக்கு இரண்டு குளம் வேண்டும். ஒரு குளத்து மீனுக்கு மருந்து, மற்றதுக்கு வெறும் உப்புநீர். நோய் வரும் பருவத்தில் இரண்டையும் ஒப்பிடுவோம். உப்புநீர் குத்திய மீன் சாகும். அது செத்தால்தான் மருந்தின் அருமை தெரியும். "அந்தக் குளம் நம்ம கூட்டாளி நிறுவனத்தோட சொந்தக் குளம். நஷ்டம் அவங்களோடது" என்று கிளம்பும்போது என் மேலாளர் சொன்னார். இந்தப் பேச்சை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் என் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண் மொழிபெயர்த்தாள்: "மீன் ஊசிக்கு அழுமா, இல்லை நம்மளை மாதிரித் தாங்கிக்குமான்னு கேக்குறாரு." நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பயணத்தில் நான் மனதாரச் சிரித்தது அதுதான் கடைசி.

வெளியே கூட்டாளி நிறுவனத்தின் ஆள் நேசன் வந்து என்னை அழைத்துப்போக வேண்டும். வெகுநேரம் காக்கவைத்து ஒரு பிக்கப் வண்டியில் வந்தார். நாற்பது வயது, நல்ல சட்டை, காதில் எந்நேரமும் போன். "ஜாம்லா மேடம், பயங்கர ஜாம்" என்றார். மருந்து சூடாகிக்கொண்டிருக்கிறது என்றேன். "இங்க எல்லாமே சூடுதான் மேடம், பழகிரும்" என்றார். எனக்கு அந்த நொடியே அவரைப் பிடிக்காமல் போனது. காரணம் பின்னால்தான் கிடைத்தது.

தோட்டத்துக்குக் கிட்ட இருக்கும் ஊரான பாரோயில் ஒரு வீட்டு மாடி அறையில் தங்கினேன். கீழே சாப்பாட்டுக் கடை. சீனி போடாமல் ஒரு டீ கேட்டேன். வந்த டீயில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இது என்ன என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "சீனி ஒரு கரண்டிகூட போடலையேம்மா. பாலுதான் இனிப்பு" என்று டின் பாலைக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் நான் கேட்டது கிடைக்கவில்லை. அந்த ஊரில் நான் கேட்ட பல பதில்கள் இந்த டீ மாதிரியே இருந்தன.

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் எண்ணெய் எடுக்கிற செம்பனை, செம்பனை, செம்பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, உள்ளே வெளிச்சம் புகாத இருட்டு. எங்கள் பக்கத்து உப்பளமும் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அங்கே வானமாவது தெரியும். செம்பனை முடிகிற இடத்தில் ஒரு வரிசை வீடுகள், ஒரு முனியாண்டி கோயில், அதற்குக் கீழே சரிவில் இரண்டு குளங்கள். மேலக் குளம், கீழக் குளம். "மேலது புஷ்பாக்கா குளம். அதுக்கு மருந்து. கீழது நம்மளோடது" என்றார் நேசன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளர்ப்பது தலாப்பியா. நம் ஊரில் ஜிலேபி மீன் என்று ஒதுக்கித் தள்ளுவோமே, அதேதான். இங்கே செக்கச் சிவந்த வகையை வளர்க்கிறார்கள். புஷ்பாக்கா முதல் நாளே அதைப் புளியும் வெண்டைக்காயும் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். இத்தனை வருஷம் ஜிலேபியை ஏளனம் செய்ததற்காக வெட்கப்பட்டு இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

புஷ்பாக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தோட்டத்தில் உரம் போடும் வேலையில் இருந்தவர், கணவர் லாரி ஓட்டுகிறார். ஊசி போட அவர் திரட்டியிருந்த பெண்களில் இரண்டு பேர் நன்றாக நினைவில் இருக்கிறார்கள். ஒருத்தி கலா. செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவாள். கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பொருத்திப் பழகிய கை. மற்றவள் சரசு. அதிகம் பேசமாட்டாள்.

கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை விட்டால் சற்று நேரத்தில் மயங்கும். எடுத்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே சதையில் குத்தி, நல்ல தண்ணீரில் விட வேண்டும். அன்று முழுக்க ஒத்திகை. கையெல்லாம் கிராம்பு வாசனை. "பல்லு டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்குலா" என்றாள் கலா. எல்லோரும் சிரித்தபோது சரசு மட்டும் மயங்கிக் கிடந்த மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இத போட்டா சாவாதா டாக்டர்?"

"பெரும்பாலும் சாகாது" என்றேன். மருந்து போட்ட மீனைக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்ன பதில் அது.

சாயங்காலம் பாட்டில் பெட்டிகளைப் புஷ்பாக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சிவப்பு மூடி மேலக் குளத்துக்கு, நீல மூடி கீழக் குளத்துக்கு. "ரெண்டு கலரு எதுக்கு?" என்று புஷ்பாக்கா கேட்டார். எதில் என்ன இருக்கிறது என்று ஊசி போடுகிறவர்களுக்குச் சொல்லக்கூடாது என்பது சோதனை விதி. தெரிந்தால் கை பாரபட்சம் பார்க்கும் என்பார்கள். "அது எங்க கணக்குக்கு" என்று முடித்துக்கொண்டேன். வெயில் ஏறும் முன் தொடங்கிவிட வேண்டும், நான் விடியும்போதே வந்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

விடியும்போது நான் செம்பனைக்கு நடுவே சேற்றில் நின்றிருந்தேன். இரவு மழை. தோட்டத்துப் பாதையில் குறுக்கு வழி தெரியும் என்று நேசன் வண்டியைத் திருப்பியதில் பின்சக்கரம் இரண்டும் புதைந்துபோயின. நான் இறங்கித் தள்ளினேன். அவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். என் புடவை, முகம், வாய் எல்லாம் நெகிரி செம்பிலான் மண். கடைசியில் பழம் ஏற்ற வந்த டிராக்டர் இழுத்துவிட்டது. அதை ஓட்டிய வங்கதேசத்து இளைஞன் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னான். எங்கள் பக்கப் பஸ் டிரைவர்கள் என்றால் இதற்குள் நாலு வசவாவது விழுந்திருக்கும் என்று நினைத்தபோது, அந்தக் கோபத்திலும் அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

குளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்திருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன மாதிரியே வெயிலுக்கு முன் தொடங்கி, இரண்டு குளத்து மீனுக்கும் குத்தி முடித்துவிட்டார்கள். ஒரு மீன்கூடச் சாகவில்லை. நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் மேசையில் இருந்த பெரிய ஜக்கைப் பார்த்தேன். பக்கத்தில் சிவப்பு மூடிகளும் நீல மூடிகளும் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"இது என்ன?" என்றேன்.

"கலந்துட்டோம்" என்றார் புஷ்பாக்கா. "ஜக்கு கொதிக்க வச்சதுதான். சுத்தம்லா."

என் வாயிலிருந்து அப்போது வந்ததை இங்கே எழுத முடியாது. எத்தனை வருஷ வேலை, எத்தனை பேருடைய உழைப்பு, ஒரு ஜக்கில் போய்விட்டது. அறிவிருக்கிறதா என்று கத்தினேன். சொன்னதைச் செய்ய முடியாதா என்று கத்தினேன். கலா தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பாக்கா மட்டும் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

"இந்தா தங்கச்சி, கத்தாத. ரெண்டு கலரு குடுத்தா ஒண்ணு நல்லது, ஒண்ணு கொறச்சல்னு அர்த்தம். இந்தத் தோட்டத்துல பொறந்து வளந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? முனியாண்டிக்கு ஆடு வெட்டுனா, கறிய மொத்தமா கொட்டிக் கலந்துட்டுத்தான் கூறு போடுவோம். ஒரு வீட்டுக்குத் தொடை, ஒரு வீட்டுக்கு எலும்புன்னு போவக்கூடாது. எங்கொளத்துக்கு நல்லது வந்து, சரசு கொளத்துக்குக் கொறச்சல் போனா, நான் நாளைக்கு அவ மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"யார் குளம்?" என்றேன்.

"சரசு கொளம். கீழது."

திரும்பி நேசனைப் பார்த்தேன். அவர் வண்டிச் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சரசு செனாவாங் வேலையை விட்டுவிட்டு இந்தக் குளத்தை எடுத்தவள். போன தடவை விட்ட குஞ்சுகள் முழுவதும் இதே நோயில் செத்து மிதந்தன. தோட்ட நிர்வாகம் குளத்தைக் கொடுத்திருப்பது மீன் வளர்க்கிற வரைக்கும்தான். இன்னொரு முறை குளம் வெறுமையாகக் கிடந்தால் மண்ணைப் போட்டு மூடிச் செம்பனை நட்டுவிடுவார்கள். இதெல்லாம் கலா சொன்னது. முந்தின நாள் நான் சொன்ன பதிலை நம்பிக்கொண்டு, சரசு தன் கையாலேயே தன் மீனுக்கு வெறும் உப்புநீர் குத்தியிருப்பாள். புஷ்பாக்கா கலந்துவிட்ட ஒரே காரணத்தால் அது நடக்கவில்லை.

நேசனைத் தனியாக இழுத்துப்போனேன். "சொந்தக் குளம்னு சொன்னீங்களே?"

"ரிலேக்ஸ் மேடம். கம்பெனி குளம் தோண்டவே இல்ல. எங்க மொதலாளி, தவுக்கே, இப்ப வேணாம்னுட்டாரு. ரெண்டு குளம் வேணும்னு உங்க ஆளுங்க அவசரப்பட்டாங்க. நான் என்ன செய்ய?"

"சரசுகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "மேடம், கலந்ததை யாரும் பாக்கல. நீங்களும் நானும்தான். இருந்த மாதிரியே எழுதிருவோம்லா."

நடந்தே நெடுஞ்சாலைக்கு வந்தேன். பஸ் வரவில்லை. ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் வேனில் முன்சீட்டில் இடம் கொடுத்தார். பின்னால் முழுக்க முள்நாறிப் பழம், அதாவது துரியன். எதற்கு அழுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபம் வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும், அழுகை இல்லை என்று விளக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டேன். இறங்கும்போது ஒரு பழத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்த நாற்றத்தோடு மாடியறைக்குப் போனதற்கு வீட்டுக்காரரிடம் தனியாகத் திட்டு வாங்கினேன்.

மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். குளம் சரசுவுடையது என்றதும், "அப்படியா" என்றார். ஆச்சரியப்பட்ட குரலில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிறகு சற்று யோசித்துவிட்டு உற்சாகமாகவே பேசினார்.

"உடைஞ்சா, சிந்தினா இருக்கட்டும்னு ஒரு குளத்துக்குப் போதுமான மருந்து எக்ஸ்ட்ரா கொண்டுபோனீங்கல்ல? ஒரு வாரம் மீன் ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் அது முழுக்க மேலக் குளத்துக்குப் போட்டுடுங்க. கீழதுக்கு ஒண்ணும் வேண்டாம். அங்க ஒண்ணரை பங்கு, இங்க அரைப் பங்கு. வித்தியாசம் கெடைக்கும். ரிசல்ட் காப்பாத்திடலாம்."

"சரசு மீன்?"

"எமோஷனல் ஆகாதீங்க" என்றார்.

அந்த வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனேன். அலையே இல்லாத கடல், தூத்துக்குடி மாதிரி. பொரித்த வாழைப்பழம் விற்றார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதியைக் காகிதத்திலேயே சுற்றி வைத்துவிட்டேன். இன்னொரு நாள் கலா வேலை முடிந்து மோட்டாரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செனாவாங்கைச் சுற்றிக் காட்டினாள். ஷிஃப்ட் மாறும் நேரம். தெருவை அடைத்துக்கொண்டு மோட்டார்கள் வந்தன. "சரசக்கா திரும்ப இங்க வேலைக்கு வர முடியாது டாக்டர். இப்ப சின்னப் புள்ளைங்களதான் எடுக்குறாங்க" என்றாள் தலைக்கவசத்துக்குள்ளிருந்து.

குறித்த நாளில் கூடுதல் மருந்தோடு தோட்டத்துக்குப் போனேன். நேசன் முன்பே வந்து மேலக் குளத்தில் வலை இறக்கச் சொல்லியிருந்தார். வலையை எடுக்கச் சொல்லிவிட்டு எல்லாப் பெண்களையும் கூப்பிட்டேன். விதியாவது மண்ணாவது. சிவப்பில் என்ன இருந்தது, நீலத்தில் என்ன இருந்தது, எந்தக் குளம் சாக வேண்டும் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள், இன்றைக்கு எனக்கு வந்திருக்கிற உத்தரவு என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். "மேடம், மேடம்" என்று நேசன் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சரசு எழுந்தாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எம்மீனு சாவுறத எண்ணிப் பாக்கவா என்னையே கூப்ட்டு ஊசி குத்தச் சொன்னீங்க? நான் கஞ்சி ஊத்தி வளப்பேன், நீங்க பொணத்த எண்ணுவீங்களா? ஏன், ஒங்க தவுக்கேக்கு மீனு இல்லையா? ஒங்க டாக்டருக்கு மீனு இல்லையா? எங்கொளம்தான் கெடச்சுதா சாவ?"

நேசனைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்கும் சேர்த்துத்தான் என்று வாங்கிக்கொண்டேன்.

புஷ்பாக்கா வீட்டுக்குள் போய் அதே ஜக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொதிக்க வைத்த சூடு இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை எல்லோரும் நின்றோம். இன்றைய மருந்து முழுவதும் அவர் குளத்துக்கே கிடைத்திருக்கும், அதை ஒரு பேச்சும் இல்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டார். பாட்டில்களை நானே திறந்து ஜக்கில் ஊற்றினேன். போன வாரம் பாதி, இன்றைக்குப் பாதி. இரண்டு குளத்து மீனுக்கும் இப்போது ஒரு முழு அளவு சேரும். பிரித்துப் போட்டால் அதே பலன் கிடைக்குமா என்று எந்த ஆய்வும் நாங்கள் செய்ததில்லை. அதையும் சொன்னேன். "கெடைக்கிறது ரெண்டு பேருக்கும் ஒண்ணா கெடைக்கட்டும்" என்றார் புஷ்பாக்கா.

நேசன் மேலாளருக்குப் போன் போடப் போவதாக மிரட்டினார். போடுங்கள் என்றேன். சிக்னல் இல்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, அந்த நல்ல சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, ஆள் குறைந்த பக்கம் இறங்கி வலையைப் பிடித்தார். மனம் மாறினாரா, சும்மா நிற்கக் கூச்சமா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வேலை முடிந்து முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். சமைத்த கறியைப் பெரிய பேசினில் கொட்டிக் கிளறி, வாழை இலைத் துண்டுகளில் கூறு போட்டார் புஷ்பாக்கா. நேசனுக்கும் ஒரு கூறு வைத்தார். என் கூறும் அதே அளவுதான்.

"இவருக்கு எதுக்குக்கா?" என்றேன், அவர் காதில் விழட்டும் என்றே.

"வலை புடிச்சான்லா" என்றார் புஷ்பாக்கா. "புடிச்சவனுக்குக் கூறு உண்டு. புடிக்கலன்னாலும் உண்டு. நீ சாப்புடு."

எனக்கு மனசு ஆறவில்லை. சாப்பிட்டேன்.

சென்னை திரும்பிச் சில வாரம் கழித்துச் சரசு போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிற மீன் வளர்ப்புக் கூண்டுகளில் நோய் வந்து மீன் மிதக்கிறதாம். "எங்க ரெண்டு கொளத்துலயும் இன்னும் தீனி எடுக்குது டாக்டர். காலையில எந்திரிச்சதும் மொதல்ல தண்ணியத்தான் போயி பாக்குறேன்" என்றாள். பிழைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. நானும் காலையில் எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்க்கிறேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கூட்ட அறையில் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சோதனையை நான் நாசம் செய்துவிட்டதாக எல்லோரும் பொறுமையாக விளக்கினார்கள். கடைசியில் மேலாளர் கேட்டார்: "மீன் பிழைச்சாலும் மருந்தாலதான் பிழைச்சுதுன்னு இப்ப எப்படி நிரூபிக்கிறது? ஒப்பிட்டுப் பாக்க மருந்து போடாத குளம் எங்க இருக்கு?"

"கூட்டாளி நிறுவனத்துக்குச் சொந்தக் குளம் இருக்குன்னு சொன்னீங்களே சார்," என்றேன். "முதல்ல அதைத் தோண்டுங்க."